8 கடை... 8 வாடகை... பஜார் கட்டிடம் வாங்கப் போகிறீர்களா? கணக்கைப் பாருங்கள்!

பஜாரில் ஒரு கட்டிடம். கீழே 4 கடை. முதல் மாடியில் 3 கடை. இரண்டாவது மாடி முழுவதும் ஒரு டுடோரியல். ஆக மொத்தம் 8 வாடகைக்காரர்.

அதை வாங்கிப் போட்டுவிட்டால் உட்கார்ந்த இடத்தில் வருமானம். இப்படி ஆசைப்படாத நடுத்தரக் குடும்பம் உண்டா?

ரிட்டயர்டு ஆனபோது கைக்கு வந்த பணம், ஊரில் நிலம் விற்ற பணம், பிள்ளை வெளிநாட்டில் இருந்து அனுப்பிய பணம். எல்லாவற்றையும் திரட்டி, போதாததற்கு பாங்கில் கடனும் வாங்கி, இந்த மாதிரி கட்டிடத்தில் போடுகிறவர்கள் சென்னையில் ஏராளம்.

சிலர் நிம்மதியாக வாடகை வாங்குகிறார்கள். சிலர் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். எங்கே வித்தியாசம்? இதோ விவரம்:

புரோக்கர் கணக்கு

தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்தில் வீடுகளுக்காகப் போடப்பட்ட நகர். நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயரைத் தாங்கியது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கடையாகி, இன்று தமிழ்நாடே வந்து துணிமணி வாங்கும் பஜாராகி விட்டது. இந்த மாதிரி இடத்தில்தான் கடைக் கட்டிடத்துக்குக் கிராக்கி.

ஒரு உதாரணம். கட்டிடத்தின் விலை ரூ.3 கோடி என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கடை 4-க்கும் தலா ரூ.20 ஆயிரம் வாடகை. மாடிக்கடை 3-க்கும் தலா ரூ.10 ஆயிரம். டுடோரியல் ரூ.15 ஆயிரம்.

"சார், மாசம் பொறந்தா ஒண்ணேகால் லட்சம்! வருஷத்துக்கு 15 லட்சம்! முழுசா 5 பர்சென்ட் நிக்குது. இடம் விலை ஏறுறது தனி. யோசிக்காதீங்க, இன்னொரு பார்ட்டி டோக்கன் அட்வான்சோட காத்துக்கிட்டு இருக்கான்" என்பார் புரோக்கர்.

கணக்கு சரிதான். ஆனால் பாதிக் கணக்கு!

நிஜக் கணக்கு

ரிஜிஸ்தர் ஆபீசில் இருந்தே செலவு ஆரம்பம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (2023 ஏப்ரல் மாதம்தான் பதிவுக் கட்டணம் 4-ல் இருந்து 2 ஆகக் குறைந்தது.) 3 கோடிக்கு 9 சதவீதம் என்றால் ரூ.27 லட்சம்.

புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் ரூ.3 லட்சம். ஆக, அசல் முதல் ரூ.3 கோடியே 30 லட்சம்.

வருகிற வாடகையில் கார்ப்பரேஷன் சொத்து வரி ஒரு ரூ.90 ஆயிரம் போகட்டும். வாட்ச்மேன், பொது விளக்கு, தண்ணீர் மோட்டார், வெள்ளையடிப்பு, இன்சூரன்ஸ் ஒரு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். எப்போதும் எட்டுக் கடையும் நிரம்பியே இருக்குமா? ஒரு கடை காலியாகி அடுத்த ஆள் வரும் வரை ஷட்டர் மூடித்தான் கிடக்கும். அதற்கு ஒரு மாத வாடகை, ரூ.1 லட்சத்து 25 ஆயிரம் தள்ளுங்கள்.

மிச்சம் ரூ.11 லட்சத்து 65 ஆயிரம்.

போட்ட முதலுக்கு மூன்றரை சதவீதம்தான்! இதே பணம் பாங்கில் 6 சதவீத வட்டிக்குக் கிடந்தாலே வருஷத்துக்கு ரூ.19 லட்சத்து 80 ஆயிரம் வரும்.

"அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்?" என்று கேட்கலாம். பாங்கு வட்டி ஏறாது. கடை வாடகை ஏறும். பாங்கில் போட்ட பணம் அப்படியே கிடக்கும். மண்ணின் விலை ஏறும். பத்து, பதினைந்து வருடம் பொறுத்திருக்கிறவருக்கு இது லாபம். அடுத்த மாதமே அரிசி, பருப்புக்கு வாடகையை நம்பி இருப்பவருக்குக் கஷ்டம்.

கடன் வாங்கி வாங்குவதில்தான் பெரிய ஆபத்து. ரூ.1½ கோடி கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால், வட்டி மட்டும் வருஷத்துக்கு ரூ.15 லட்சம். வாடகை மிச்சமோ 11 லட்சத்துச் சொச்சம். எட்டுக் கடைக்கும் முதலாளி என்று பெயர். மாதா மாதம் சம்பளப் பணத்தில் இருந்து பாங்குக்குக் கட்ட வேண்டிய நிலைமை!

அட்வான்ஸ் எங்கே போச்சு?

எட்டுப் பேரும் 10 மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். மேலே சொன்ன கட்டிடத்தில் அது ரூ.12½ லட்சம்.

அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? விற்கிறவரிடம். நாளைக்குக் கடைக்காரர் காலி செய்யும்போது யாரிடம் கேட்பார்? புது ஓனரிடம்!

"அண்ணே, பழைய ஓனர்கிட்ட கொடுத்தேன், ரசீது இருக்கு, எடுங்க பணத்தை" என்று அவர் நிற்கும்போது முழித்துப் பயன் இல்லை. கிரயத் தொகையில் இருந்தே அட்வான்சைக் கழித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடைக்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பழைய வாடகைப் பாக்கியும் அப்படித்தான். கிரயத்துக்கு முந்தைய பாக்கி விற்றவருக்குத்தான் சேரும். வாங்குகிறவருக்கு வேண்டுமானால் அதையும் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாகி விட்டது. 30 வருஷமும் சுத்தம். வக்கீலும் தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் பார்த்து "ஓகே" என்று சொல்லிவிட்டார். போதுமா?

போதாது. வில்லங்கச் சான்றில் வருவது பதிவு செய்த பத்திரங்கள் மட்டுமே. வாய்ப்பேச்சில் கடை நடத்துகிறவரும், 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் 11 மாத அக்ரிமெண்டு போட்டவரும் அதில் வரமாட்டார்கள். கட்டிடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் பெரிய வில்லங்கம்!

உதாரணமாக, கீழ்க்கடை ஒன்று. 20 வருஷமாக ஒரே ஆள் பெயரில் ரூ.8 ஆயிரம் வாடகை. ஆனால் உள்ளே செல்போன் கவர் விற்பவர் வேறொருவர். அவரை விசாரித்தால், "நான் 25 ஆயிரம் கொடுக்கிறேன் சார்" என்பார். அதாவது, ஓனருக்கு எட்டு. உள்வாடகைக்கு விட்டவருக்குப் பதினேழு!

"குட்வில் கொடுத்துத்தான் இந்தக் கடையைப் புடிச்சேன். அதைக் கொடுத்தா காலி பண்றேன்" என்று இன்னொருவர் சொல்வார். அந்த குட்வில்லுக்குக் கணக்கும் இருக்காது, ரசீதும் இருக்காது.

அதனால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டும். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாதப் பாக்கி, எந்தத் தேதி வரை அக்ரிமெண்டு, மின்சார மீட்டர் யார் பெயரில் என்பதை எழுதி, கடைக்காரரிடமே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிற கடையில்தான் விஷயம் இருக்கிறது.

மண் யாருடையது?

மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் இன்னொரு சங்கதி உண்டு. கட்டிடம் ஒருவருடையது, அடியில் இருக்கும் மனை கோவிலுக்கோ, வக்புக்கோ, டிரஸ்டுக்கோ சொந்தம். விற்பவர் கட்டிடத்தைத்தான் விற்க முடியும். மண்ணுக்கு மனை வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று பாய்ந்து விழுந்தால், மண் விலை ஏறினாலும் அவருக்கு ஒன்றும் இல்லை.

நேர்மாறான சிக்கலும் உண்டு. மனையை வாடகைக்கு எடுத்து, சொந்தச் செலவில் கடை கட்டிக்கொண்ட பழைய வாடகைக்காரருக்கு 1921-ம் ஆண்டு சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. அவரைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், "இந்த மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்" என்று கோர்ட்டில் மனுப் போட அவருக்கு உரிமை உண்டு. ஆளைக் கிளப்பப் போய் மண்ணை விட்டுக் கொடுக்க நேரிடலாம்!

சட்டம் மாறிய கதை

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, பஜார் கடையில் இருந்து ஒருவரைக் காலி செய்வது லேசுப்பட்ட காரியமாக இல்லை. அப்பா போட்ட வழக்கை மகன் நடத்திய குடும்பங்கள் உண்டு.

2019 பிப்ரவரி 22-ந் தேதி முதல் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. இதன்படி, அக்ரிமெண்டு எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தகராறு என்றால் அதற்கென்றே வாடகை கோர்ட்டு, அதற்கு மேல் தீர்ப்பாயம்.

எழுத்தில் அக்ரிமெண்டு போட ஒத்து வராததும், வாடகைப் பாக்கி வைப்பதும், ஓனர் எழுத்து மூலம் சம்மதம் தராமல் உள்வாடகைக்கு விடுவதும் காலி செய்யச் சொல்வதற்குக் காரணங்கள். ஆகவே கட்டிடம் வாங்கும்போது, எட்டுக் கடைக்கும் பதிவு செய்த அக்ரிமெண்டு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லை என்றால், "போட்டு முடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் விலை பேசலாம்" என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஷட்டருக்கு சீல்!

2011 அக்டோபர் 31-ந் தேதி. தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் விதியை மீறிக் கட்டப்பட்ட கட்டிடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மீண்டும் ஷட்டரைத் தூக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது.

2017 மே 31-ந் தேதி உஸ்மான் ரோட்டில் 7 மாடி ஜவுளிக்கடைக் கட்டிடம் ஒன்று தீப்பிடித்தது. கடைசியில் கட்டிடத்தையே இடித்துத் தள்ளினார்கள்.

இந்த இரண்டு சம்பவமும் கட்டிடம் வாங்குகிறவருக்குப் பாடம். அனுமதி பெற்ற பிளானை ஒரு கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி வர வேண்டும். பிளானில் "கார் நிறுத்தும் இடம்" என்று இருக்கும். நேரில் அங்கே இரண்டு கடை இருக்கும். பிளானில் இரண்டு மாடிப்படி. நேரில் ஒன்று குடோன் ஆகியிருக்கும். அந்தக் கடைகளின் வாடகையும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். நாளைக்கு அவை மூடினால் வருமானம் போகும். தீ என்று வந்தால் உயிரும் போகும்.

மாடிக்கு யார் ஏறுவார்?

பஜாரில் தரைக்கடைக்கு ஆள் தேட வேண்டாம். மாடிதான் பிரச்சினை. ஜனங்கள் தானாக மாடி ஏற மாட்டார்கள். டாக்டர், டுடோரியல், டெய்லர், ஆடிட்டர் என்று தேடி வரும் தொழில் இருந்தால்தான் மாடி நிற்கும். எட்டுக் கடையும் ஒரே ஜவுளி என்றால், வியாபாரம் படுக்கிற மாதத்தில் எட்டு வாடகையும் சேர்ந்து படுக்கும்.

ஜனங்கள் நடக்கும் பாதையும் மாறும். பாண்டிபஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. மேலே நடப்பவர் கீழ்க்கடைக்கு எப்படி இறங்குவார் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். காலை 9 மணி, மதியம் 12, சாயங்காலம் 6 என்று மூன்று வேளையும் எதிர் டீக்கடையில் நின்று பார்த்தால் புரோக்கர் சொல்லாதது தெரியும்.

வரி விஷயம்

கடை வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஓனரின் வருஷ வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் அவர் பதிவு செய்து வசூலித்துக் கட்ட வேண்டும். தாண்டாவிட்டால்? 2024 அக்டோபர் 10-ந் தேதியில் இருந்து, ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர் அந்த வரியைத் தானே கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரர்களுக்குப் பிறகு விலக்குக் கொடுத்தார்கள்.

வருமான வரியில் ஒரு சலுகை. சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று கழித்துக்கொள்ளலாம். ரசீது காட்ட வேண்டியது இல்லை. வாங்கும் விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு.

கடைக்காரர் கதி என்ன?

கட்டிடம் கைமாறுகிறது என்ற செய்தி கசிந்தாலே கடைக்காரர்களுக்குத் தூக்கம் வராது. "புது ஓனர் நம்மளைக் கிளப்பிடுவாரோ?" என்று பயம்.

கட்டிடம் விற்றுவிட்டதாலேயே யாரும் காலி செய்ய வேண்டியது இல்லை. பழைய ஓனரிடம் இருந்த உரிமையும் பொறுப்பும் அப்படியே புது ஓனருக்கு வருகின்றன. அக்ரிமெண்டு காலம் முடியும் வரை அது செல்லும். ஓனர் மாறியது தெரியாமல் பழையவருக்கே வாடகை கொடுத்திருந்தால், அந்த வாடகையைத் திரும்பவும் கேட்க முடியாது.

அதனால் கிரயம் முடிந்த அன்றே, பழைய ஓனரும் புது ஓனரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதம் எட்டுக் கடைக்கும் ஸ்பீடு போஸ்டில் போய்விட வேண்டும். இனி வாடகை யாரிடம், அட்வான்ஸ் யார் கையில் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடைக்காரரும் பழைய அட்வான்ஸ் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புது ஓனர் பெயரில் ஒன்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் பார்த்து முடிக்க ஒரு மாதமாவது ஆகும். "இன்னொரு பார்ட்டி காத்திருக்கான்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்!