இணையக் கணக்கிற்கு எந்த டேட்டாபேஸ்?



சில்லறைக் கடைக்காரர் செல்போனில் ஆர்டர் போட்டால், மொத்தக் கடையில் பில்லும் இருப்பும் உடனே பதிவாகும் இணைய ஏற்பாடுகள் இப்போது வந்துவிட்டன. செய்து தருபவர் திரையின் அழகைத்தான் முதலில் காட்டுவார். நாம் கேட்க வேண்டியது, கணக்கு எந்த டேட்டாபேஸில் உட்காரும் என்பதே. நமது குறிப்பேடும் பேரேடும் அதுதான்.

ஓப்பன் சோர்ஸ் வகைக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. செய்து கொடுத்தவர் விலகினாலும் வேறொருவரைக் கொண்டு நடத்தலாம். மைஎஸ்கியூஎல் 1995-ல் வந்தது. அதன் நிறுவனம் 2008-ல் சன் கைக்கும், 2010-ல் ஆரக்கிள் கைக்கும் போயிற்று. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ், அதே நிரலிலிருந்து 2009-ல் மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். முதலாளி மாறினாலும் பயன்படுத்துவோர் நடுத்தெருவில் நிற்கவில்லை. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் வணிக மென்பொருள் பெரும்பாலும் மரியாடிபியில்தான் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய பணியின் வாரிசு. 2000-ல் வந்த எஸ்கியூலைட், கணக்கு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும்.

தேர்வுக்கு முதல் உரைகல் இது. போலகத்திலிருந்து நாகூர் கடைக்குப் பத்துப் பெட்டி சோப்பு போகிறது. மாநில எல்லை தாண்டுவதால் ஐஜிஎஸ்டி. அதே சரக்கு காரைக்காலுக்குப் போனால் மத்திய, மாநில ஜிஎஸ்டி. பில் எழுத வேண்டும், இருப்பில் பத்துக் குறைய வேண்டும், பார்ட்டி பாக்கி ஏற வேண்டும், வரி பதிவாக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் நான்கும் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே ஆகியிருக்கக் கூடாது. இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். மேற்சொன்ன எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. ஆனால் மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் வகை அட்டவணையில் கிடையாது. இன்னோடிபி வகையில் உண்டு. பழைய மென்பொருள் வாங்குவோர் இதைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

ஒரே கல்லா, ஒருவர் பில் போடும் கடைக்கு எஸ்கியூலைட் போதும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல கல்லா, பல ஊர் ஆர்டர் என்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் அல்லது மரியாடிபி. இவ்விரண்டில் நமது பகுதியில் எதைத் தெரிந்தவர்கள் அதிகமோ, அதையே எடுப்பது எங்கள் யோசனை.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டும். நமதோ கடலோரம். 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் கண்ட நாம், தினசரி நகல் ஒன்றை வெளியூர் சர்வரில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, இருப்பும் பாக்கியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பாஸ்வேர்டும் நகலும் நமது கையில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.