மறைநூலும் அதன் உரையும்

மும்பை நகரின் தாராவிப் பகுதியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவருள் கத்தோலிக்கரும் உளர்; சீர்திருத்தச் சபையாரும் உளர். அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்போர் அன்றாட வாழ்வில் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆயினும், கத்தோலிக்கர் இறந்தோரை நினைந்து மன்றாடும் நவம்பர் 2 ஆம் நாளன்று ஒரு வினா எழுவதுண்டு. மாண்டவருக்காக மன்றாடும்படி வேதத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்று ஒருவர் கேட்பார். மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பாரும் என்பார் மற்றவர். கேட்டவர் தம் நூலைப் புரட்டிப் பார்ப்பார். அப்படியொரு நூலே அதில் இராது. தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில் இவ்வினா எழுமாயின், அது வெறும் ஏட்டுச் சண்டை ஆகாது.

கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன. சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தில் 66. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் இரு சாராருக்கும் பேதம் இல்லை. பழைய ஏற்பாட்டில்தான் பேதம். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழு நூல்களும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் எபிரேயத் திருமுறையில் இடம்பெறாதவை; பழைய கிரேக்க விவிலியத்தின் வழியே வந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் இவற்றின் தகுதி குறித்து வாதம் மூண்டது. திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம், 1546 ஏப்ரல் 8 அன்று, இவையும் திருமுறையைச் சேர்ந்தவையே என வரையறுத்தது.

இங்ஙனம் வரையறுக்க ஒரு சங்கத்துக்கு அதிகாரம் ஏது என்று கேட்கலாம். கத்தோலிக்கக் கொள்கையின் வேர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. இயேசு பெருமான் நூல் எதனையும் எழுதி வைத்தாரல்லர். சீடர்கள் முதலில் வாயால் போதித்தனர். நிருபங்களும் சுவிசேஷங்களும் பின்னரே எழுந்தன. எழுந்தவற்றுள் இவை மறைநூல், இவை அல்ல என்று தெரிந்துகொண்டதும் அச்சபையே. ஆதலின் நூலையும், நூலுக்கு முன்பிருந்தே வழங்கி வந்த மரபையும் பிரித்தல் ஆகாது என்பது கத்தோலிக்கர் துணிபு. தமிழ் கற்றோர்க்கு இது விளங்காத செய்தியன்று. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை, ஆசிரியர் மாணாக்கர் வழியே பத்துத் தலைமுறை செவிவழி வந்தது என்று அவ்வுரையிலேயே காண்கிறோம். மாதுங்காவில் உபந்நியாசம் கேட்டுப் பழகிய நேயர்களும், பூர்வாசாரியர் உரையை விலக்கிப் பாசுரத்துக்குப் பொருள் கொள்ளத் துணியமாட்டார்கள். ஆயினும் உரைப்போர் மூலத்துக்கு எசமானர் அல்லர். திருச்சபையின் ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் புரிவதே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு தெளிவாக்கியுள்ளது.

இனி, பொருள் கொள்ளும் முறை. முதற்கண் தேட வேண்டுவது சொற்பொருள். அதாவது, எழுதியவர் எதைச் சொல்லக் கருதினார் என்பது. செய்யுளாயின் செய்யுளாகவும், வரலாறாயின் வரலாறாகவும், உவமையாயின் உவமையாகவும் படித்தல் வேண்டும். அகப்பாட்டின் தலைவி எந்த ஊர்ப் பெண் என்று நாம் கேட்பதில்லை. பாட்டின் இலக்கணம் அறிவோம். அவ்வாறே ஆதியாகமத்தின் ஆறு நாட்களைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட வேண்டுவதில்லை. பண்டைய இலக்கிய வகைகளை ஆராய்ந்தே உரை காணவேண்டும் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1943 இல் வெளியிட்ட சுற்றுமடலில் அறிஞர்களை ஊக்கினார். அது முந்தியே வந்திருக்கலாம். கலிலேயோவைத் தண்டித்த நீதிபதிகளுக்கு இந்நுட்பம் இருந்திருப்பின் 1633 இன் பழி நேர்ந்திராது.

சொற்பொருளின்மேல் எழுவன ஆன்மிகப் பொருள்கள் மூன்று. பழைய உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் எருசலேம். சொற்பொருளால் அது யூதரின் நகரம், உருவகத்தால் திருச்சபை, ஒழுக்க நோக்கில் மனிதனின் ஆன்மா, இறுதி நோக்கில் விண்ணுலகு. அடித்தளம் சொற்பொருளே, அதனை விட்டு மாடி எழுப்பலாகாது.

உரை எத்துணை தூரம் செல்லலாம் என்னும் வினா மும்பையிலேயே ஒருமுறை பெரிதாக எழுந்தது. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், பிற சமயத்தார் முன் பேசுகையில் உபநிடதத்தின் பிரார்த்தனை ஒன்றை எடுத்தாண்டார். ஒருவரும் குறை சொன்னதாக நாம் கேட்டிலோம். ஆனால் 2008 இல் புனித பவுல் சபையார் இங்கே வெளியிட்ட ‘நியூ கம்யூனிட்டி பைபிள்’ என்னும் ஆங்கிலப் பதிப்பின் அடிக்குறிப்புகளில் இந்திய சமய நூல்கள் எடுத்துக்காட்டப்பட்டன. படங்களில் மாதா சேலை உடுத்தும், சூசையப்பர் தலைப்பாகை அணிந்தும் காணப்பட்டனர். கத்தோலிக்கருள் ஒரு சாரார் கடுமையாக ஆட்சேபித்தனர். திருத்திய பதிப்பு 2011 இல் வந்தது. சேலையைக் குறித்த ஆட்சேபம் நமக்கு வலுவுடையதாகத் தோன்றவில்லை. இத்தாலிய ஓவியர் தம் நாட்டு ஆடையை மாதாவுக்கு உடுத்தியபோது யார் தடுத்தார்? குறிப்புகளைப் பற்றிய ஐயம் வேறு. மேடைப் பேச்சு காற்றோடு போகும். மறைநூலின் அடியில் அச்சான வாசகமோ அங்கேயே நிற்கும். அது ஒப்புமைக்கு வைத்ததா, மூலத்துக்குச் சமமாக வைத்ததா என்று எளிய வாசகர் மயங்குதல் இயல்பே. 1983 இன் திருச்சபைச் சட்டம், மறைநூல் மொழிபெயர்ப்புக்கு ஆயர் பேரவையின் அல்லது உரோமையின் ஒப்புதலையும் தக்க குறிப்புகளையும் வேண்டுவது இம்மயக்கத்தை எண்ணியே போலும்.

அதே சட்டம், பிற சபையாருடன் கூடி மொழிபெயர்க்கவும் இடம் தருகிறது. அங்ஙனம் தமிழில் எழுந்ததே 1995 இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு. மேற்கூறிய ஏழு நூல்களும் அதில் ‘இணைத் திருமுறை’ என்னும் பெயரால் இடம்பெற்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் இன்னொரு செய்தியும் புலப்படுகிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர். பவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள்; யோவான் என்னும் எபிரேயப் பெயரோ இறைவனின் அருளைக் குறிப்பது. ஆகவே பெயரிலேயே உரையும் அடங்கியிருந்தது. இரு சாராரும் சேர்ந்து படிக்க வேண்டிய நூலில் அவ்வுரை விலகி, பவுலும் யோவானும் நிலைத்தனர். தாராவியின் குடும்ப அட்டைகளில் மட்டும் சின்னப்பனும் அருளப்பனும் இன்றும் இருக்கின்றனர்.