சத்தம் அதிருது, வசனம் மட்டும் கேட்கலையா? மல்டி சேனல் டாக் இணைக்கும்போது எங்கே தப்பு நடக்குது?

புதுசா மல்டி சேனல் டாக் வாங்கி, கம்ப்யூட்டரையும் 5.1 ஸ்பீக்கர்களையும் இணைச்சாச்சு. படம் போட்டால் பின்னணி இசை வீட்டையே அதிர வைக்குது. ஹீரோ பேசுறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. உடனே கருவியைத் தூக்கிக்கிட்டு கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வயர் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் சிக்னலை அனலாக் சிக்னலாக மாற்றுவது டாக். அந்த சிக்னலின் வால்யூமைக் கட்டுப்படுத்தி பவர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது ப்ரீ ஆம்ப். இப்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள்ளேயே வருகின்றன. 5.1-க்கு 6 அவுட்புட், 7.1-க்கு 8.

பல கருவிகளின் பின்பக்கம் 1, 2, 3 என வெறும் எண்கள்தான் இருக்கும். விண்டோஸில் 1 முன் இடது, 2 முன் வலது, 3 சென்டர், 4 சப்வூஃபர். 5-ம் 6-ம் சரவுண்ட். வசனம் முக்கால்வாசி சென்டரில்தான் வரும். 3-ம் 4-ம் மாறினால் அது சப்வூஃபருக்குப் போய், வெறும் முணுமுணுப்பா கேட்கும். கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' பகுதிக்குப் போய் 'கான்ஃபிகர்' அழுத்தி 5.1-ஐத் தேர்வு செய்து, ஒவ்வொரு ஸ்பீக்கராக டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இங்கே 'ஸ்டீரியோ' என்று இருந்தால் மற்ற ஸ்பீக்கர்களுக்கு வேலையே இருக்காது.

டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் எடுக்கிறீங்களா? அதில் பிசிஎம் ஒலி 2 சேனல்தான் வரும். 5.1 வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் எனச் சுருக்கப்பட்டுத்தான் வரும். அதைப் பிரிக்கும் டீகோடர் இல்லாத டாக்கில் மௌனம், இல்லைன்னா இரைச்சல். கம்ப்யூட்டர் என்றால் யுஎஸ்பி வழியே போவதுதான் நிம்மதி.

பாஸ் குறைவாக இருக்கா? சினிமாவின் எல்எஃப்இ சேனல் மற்றவற்றைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கணும் என்ற கணக்கில் பதிவாகிறது. ரிசீவர் இதைத் தானே சேர்த்துவிடும். தனி டாக்கில் பெரும்பாலும் நாம்தான் சப்வூஃபர் அளவை ஏற்றணும்.

ஸ்பீக்கர் கிழியக்கூடிய இடமும் ஒன்று உண்டு. சில டாக்குகளில் 'ஃபிக்ஸ்டு அவுட்புட்' வசதி இருக்கும். அதை ஆன் செய்து நேராகப் பவர் ஆம்ப்பில் செருகினால், முதல் பாட்டே முழு வால்யூமில் பாயும். முதலில் வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்குங்க. ஆன் செய்யும்போது பவர் ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது அதுதான் முதல்.

எல்லாம் சரி, 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் மட்டும் விடாமல் வருதா? அது கிரவுண்ட் லூப். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவோ அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸோ கேட்கும். இதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிறவங்க இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம், கருவிக்குள் கோளாறு வந்தால் ஷாக்கிலிருந்து காப்பாற்றுவது அந்தப் பின்தான். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்க. அப்படியும் போகலைன்னா கேபிள் டிவி வயரைக் கழற்றுங்க. இரைச்சல் நின்றால், அது அந்த வயர் வழியாகத்தான் வந்திருக்கு.