வெண்பாவும் யந்திரமும்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடைப் பெஞ்சில் கலந்தொலிக்கும் ஓசூரில், சிப்காட் ஆலைகளின் சி.என்.சி. யந்திரங்களுக்கு முன் நின்று ப்ரோகிராம் போட்டும் ஆஃப்செட் திருத்தியும் கைதேர்ந்த வாலிபர்களிடம், உங்கள் தொழிலுக்கும் யாப்பிலக்கணத்துக்கும் நெருங்கிய பந்தமுண்டு என்று சொன்னால் அவர்கள் வியக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

வெண்பாவையே எடுத்துக்கொள்வோம். மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். விளச்சீரோ காய்ச்சீரோ வந்தால் நேரில் தொடங்கவேண்டும். ஈற்றடி முச்சீராய் நின்று நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும். இது வந்தால் அதைச் செய் என்னும், யந்திர ப்ரோகிராம் போன்ற கட்டளைக் கோவையன்றி இது வேறென்ன? வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள், நாம் இடும் செய்யுளை அசை பிரித்து, சீர்களின் இணைப்பாகிய தளை கண்டு, பாவகை சொல்லுவது இதனால்தான். சென்னை ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தாரோ, மெட்டுக்கேற்ற தமிழ் வரிகளைக் கணினியே புனையும் மார்க்கத்தை ஆராய்ந்து 2009-இல் கட்டுரையும் வெளியிட்டனர்.

மேலைநாட்டில் இம்முயற்சி முந்தியது. 1959-இல் ஜெர்மனியில் தியோ லுட்ஸ், காஃப்காவின் நாவலொன்றிலிருந்து எடுத்த சொற்களைக் கணினிக்குக் கொடுத்து வாக்கியங்கள் கோக்கச் செய்தார். 1961-இல் பிரெஞ்சுக் கவிஞர் ரேமோன் கெனோ, பதினான்கடிப் பாடல்கள் பத்தை அடியடியாக நறுக்கி, எந்த அடியையும் மாற்றிச் சேர்த்துப் படிக்கும்படி நூலாக்கினார். அதில் பிறக்கக்கூடிய பாடல்கள் ஒரு கோடிக் கோடி! ரதபந்தம், நாகபந்தம் என்று எழுத்தைச் சித்திரத்துள் ஓடவிட்ட நம் புலவர் பரம்பரைக்கு இது அந்நியமன்று. கணினி யுகத்திலும், இணையத்தில் தமிழ் தொடக்கத்திலேயே கவிதையோடு பிரவேசித்தது: எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு 1995 அக்டோபரில் வலையேறியது.

ஆயினும், தளை பிழையாதிருப்பதனால் மாத்திரம் கவிதை பிறந்துவிடாது என்பதே என் திடமான அபிப்பிராயம். எந்தச் சொற்களை யந்திரத்திடம் ஒப்படைப்பது, எவற்றை விலக்குவது என்று தீர்மானிக்கும் மனமே கவிமனம். துக்கமும் ஆனந்தமும் அங்கிருந்தே வரவேண்டும்.

ஆகவே, ஓசூர், கிருஷ்ணகிரி வாலிபர்களே, நாலடி வெண்பா ஒன்றுக்கு அடிக்கு நான்கு மாற்றுகளாகப் பதினாறு அடிகள் எழுதுங்கள். எந்த அடி எதனோடு சேர்ந்தாலும் எதுகை பிசகாமலும் தளை தட்டாமலும் பொருள் குலையாமலும் அமைத்து, பின்னர்க் கணினியிடம் கொடுங்கள். 256 வெண்பாக்கள் கிடைக்கும். அவற்றுள் மனத்தைத் தொடுவனவற்றை நீங்களே பொறுக்கி எங்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.