தோலுக்குள் ஒரு வெங்காயம்

கடிகாரத்தைக் கையில் கட்டும்போது அதன் பட்டை தோலில் படுவது நன்றாகத் தெரிகிறது. சற்று நேரத்தில் அது கையில் இருப்பதே மறந்துபோகிறது. ஏன்?

ஒரு காரணம் தோலின் ஆழத்தில் இருக்கிறது. அங்குள்ள ஒருவகை உணர்வேற்பியின் பெயர் பாசினியன் உறுப்பு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். நடுவில் ஒரு நரம்பு நுனி. அதைச் சுற்றி வெங்காயச் சருகு போல அடுக்கடுக்கான உறைகள். அழுத்தம் பட்டதும் உறைகள் நசுங்கும். நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். அழுத்தம் மாறாமல் நீடித்தால் உறைகள் அதைத் தாங்கிக்கொள்ளும், செய்தி நின்றுவிடும். அழுத்தம் விலகும்போது மறுபடி ஒரு செய்தி. அதிர்வைக் கண்டுபிடிப்பதில் இது கெட்டிக்கார உறுப்பு.

விரல் நுனியில், தோலின் மேற்புறத்தை ஒட்டியே மெய்ஸ்னர் உறுப்புகள், மெர்க்கெல் செல்கள் என்னும் வேறு உணர்வேற்பிகள் செறிந்திருக்கின்றன. பிரெயில் புள்ளிகளை விரல்கள் வாசிப்பது இவற்றின் துணையால்தான்.

வலியை அறியும் நரம்பு நுனிகளுக்கோ உறையே கிடையாது. அவை எளிதில் ஓய்வதும் இல்லை. வலி நம்மைக் காக்கும் காவல். நீரிழிவால் பாதத்தில் அந்த உணர்வு மங்கினால், முள் குத்தினாலும் தெரியாது. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள்.