காட்டுயிர்களைக் காணச் செல்வோம்

சென்ற ஆண்டு நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், மாணவரை மீண்டும் ஒருமுறை கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் எண்ணத்தை யாம் எடுத்துரைத்தோம். அப்பொழுது தாயொருவர் எழுந்து, “போன தடவை போன என் மூத்தவன், குரங்கைத்தான் பார்த்தேன்னு வந்து சொன்னான். அதுக்குக் காசு கட்டிப் போகணுங்களா ஐயா? எங்க தாத்தா காலத்திலே புலியே லயத்து வாசலுக்கு வந்திருக்குன்னு சொல்லுவாங்க” என்றார். கூட்டத்தினர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் அவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. பேருந்துக்குக் கட்டும் பணம் எத்தனை நாள் உழைப்பினின்று எடுத்து வைக்கப்படுகிறது என்பதை யாம் நன்கறிவோம். ஆகவே, அத்தாய்க்குக் கூறும் விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

புலி ஏன் வாசலுக்கு வருவதில்லை?

இன்று செம்பனையும் கித்தாவும் நிற்கும் இடங்களில் ஒரு காலத்தில் பெருங்காடு நின்றது. அக்காட்டை வெட்டியவர், எரித்தவர், கன்று நட்டவர் யாவர்? நம் பாட்டனும் பூட்டனுமே. கம்பெனிக் கட்டளைக்குப் பணிந்து, மலேரியாக் காய்ச்சலுக்கு உயிரைக் கொடுத்து அவர்கள் அவ்வேலையைச் செய்தனர். அவர்கள்மீது பழி சுமத்துவது அறமாகாது. ஆனால் காடு சுருங்கியது உண்மை. காட்டில் வாழ்ந்தவை ஒதுங்கியதும் உண்மை.

1950-களில் மலாயாவில் ஏறக்குறைய மூவாயிரம் புலிகள் இருந்தன எனக் கணித்தனர். 2016 முதல் 2020 வரை நடத்தப்பெற்ற தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியுள்ளவை 150-க்கும் குறைவு என அறிவித்தது. நம் நாட்டுச் சின்னத்தின் இருமருங்கிலும் நிற்கும் விலங்கின் நிலை இது. சுமத்திராக் காண்டாமிருகத்தின் கதை இதனினும் துயரமானது. நம் நாட்டில் எஞ்சியிருந்த இறுதிப் பெண் காண்டாமிருகம் 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சபாவில் இறந்தது. அதனோடு அவ்வினம் மலேசியாவில் இல்லாது போயிற்று. இனி நம் பிள்ளைகள் அதனைப் படத்தில்தான் காண இயலும்.

யானையோ இன்னும் நம் அண்டை வீட்டுக்காரனாகவே உள்ளது. காட்டோரத் தோட்டங்களில் இளஞ் செம்பனையைச் சாய்த்து அதன் குருத்தைத் தின்று செல்லும் யானைக் கூட்டத்தைக் கண்டவர் நம்மிடையே உள்ளனர். யானைக்கு அது தன் பாட்டனார் நடந்த பாதை. நமக்கு அது பயிர். இச்சிக்கலைத் தீர்க்கவே வனவிலங்குத் துறையினர் 1974-ஆம் ஆண்டு முதல் தோட்டங்களில் புகும் யானைகளைப் பிடித்துப் பெருங்காடுகளில் கொண்டுபோய் விடுகின்றனர். இப்பணிக்கென 1989-ஆம் ஆண்டு பகாங் மாநிலத்துக் கோல கண்டாவில் யானைக் காப்பகம் ஒன்றும் அமைந்தது. அங்குச் செல்வோர், கூட்டத்தைப் பிரிந்த குட்டிகளையும், இவ்வேலைக்கெனப் பழக்கப்பட்ட யானைகளையும் அண்மையில் நின்று காணலாம்.

விலங்கியல் பூங்கா வேறு, காப்பகம் வேறு

கோலாலம்பூரை அடுத்துள்ள தேசிய விலங்கியல் பூங்கா 1963-ஆம் ஆண்டு துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. அங்கு நுழைவுச் சீட்டு வாங்கியவருக்குப் புலியும் சிங்கமும் தவறாது காட்சி தரும். ஆனால் காப்பகத்தில் அந்த உறுதி இல்லை. அங்கு வேலிக்குள் நிற்பவர் நாமே. விலங்கு தன் விருப்பப்படி வரும், வாராமலும் இருக்கும். அது அதன் வீடு, நாம் விருந்தினர். இவ்வேறுபாட்டை உணராமல் செல்வோர் ஏமாற்றத்துடன் திரும்புவர்.

நம் நாட்டுக் காப்பிடங்களுள் தலையாயது தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்காவாகும். 1938, 1939-ஆம் ஆண்டுகளில் ஆங்கில மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அமைக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் இப்பெயர் பெற்றது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. சிங்கப்பூர்த் தீவினைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்றால் அதன் பெருமை விளங்கும். தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையாகிய 2,187 மீட்டர் உயரமுள்ள தகான் மலை இதனுள்ளேதான் எழுந்து நிற்கிறது.

இக்காட்டில் உப்புச் சுனைகள் உண்டு. இலைதழை உண்ணும் விலங்குகளுக்கு அவ்வுணவில் கிட்டாத உப்புச் சத்துகள் சில தேவைப்படுகின்றன. அவற்றை நாடி மானும் தாப்பிரும் இரவில் இச்சுனைகளுக்கு வந்து சேற்று நீரைப் பருகும். சுனையின் எதிரே ‘பும்பூன்’ எனப்படும் உயர்ந்த மரக்குடில்களைக் கட்டியுள்ளனர். அதில் பேச்சின்றி இரவு முழுவதும் அமர்ந்திருப்போர்க்குத் தாப்பிரைக் காணும் பேறு வாய்க்கலாம். முன்பாதி கறுப்பு, இடுப்பில் வெள்ளை, பின்னங்கால்கள் மீண்டும் கறுப்பு. இஃதென்ன வேடிக்கையான நிறம் எனத் தோன்றும். நிலவொளியில் அவ்வெள்ளை அதன் உருவத்தை இரண்டாக வெட்டிக் காட்டுவதால், அங்கொரு விலங்கு கிடப்பதாகவே பகைவனுக்குப் புலப்படாது. அதன் குட்டியோ கொம்மட்டிப் பழத்தைப் போல் வரியும் புள்ளியுமாக இருக்கும். இயற்கையன்னை தன் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சட்டையே சட்டை!

கோல சிலாங்கூரில் யாம் கண்டது

தாமான் நெகாரா தொலைவிலுள்ளது. கோல சிலாங்கூரோ ஒரே நாளில் சென்று திரும்பத்தக்கது. மலாவத்தி மலையின் அடிவாரத்தில், மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-ஆம் ஆண்டு இப்பூங்கா உருவாயிற்று. ஒருபுறம் ஏரி, ஒருபுறம் அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடற்சேறு. சேற்றில் மூச்சுவிட இயலாத வேர்களை மேல்நோக்கி நீட்டி நிற்கும் மரங்களையும், அவற்றினிடையே தாவித் திரியும் மீன்களையும், ஒரு கை பெருத்து ஒரு கை சிறுத்த நண்டுகளையும் மரப்பாலத்தில் நடந்தவாறே காணலாம்.

முதன்முறை சென்றபோது யாம் செய்த தவற்றை இங்கு ஒப்புக்கொள்கின்றோம். பிள்ளைகள் பேருந்தில் பாடிக்கொண்டு வந்தனர். இறங்கியும் பாடிக்கொண்டே நடந்தனர். உச்சிவெயில் நேரம். பறவைகள் அனைத்தும் ஒதுங்கிவிட்டன. மலைமேல் வாழும் வெள்ளி முடிக் குரங்குகள் மட்டும் எம்மை வரவேற்றன. பிள்ளைகள் பிஸ்கட்டை நீட்டினர்; யாமும் தடுக்கவில்லை. அத்தாயின் மூத்த மகன் கூறியதில் பிழையில்லை. பிழை வழிகாட்டிய எம்முடையதே.

இரண்டாம் முறை விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். அறுவர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்தோம். பேச்சில்லை, கையசைவே மொழி. கண்காணிப்புக் குடிலில் கால்மணி நேரம் அசையாது அமர்ந்தபின், அதுவரை வெறும் சேறாகத் தெரிந்த இடம் மெல்ல உயிர்பெற்றது. கொக்கு நின்றது, நாரை நடந்தது, மீன்கொத்தி நீலக் கோடொன்றை இழுத்துச் சென்றது. சிவந்த கால்களையுடைய பவளக்காலிகள் சேற்றைக் குத்திக் குத்தி இரை தேடின.

அப்பவளக்காலிகள் நம் நாட்டுக் குடிகள் அல்ல. ஆசியாவின் வடபகுதிகளில் குஞ்சு பொரித்து, அங்குக் குளிர் தொடங்குமுன் தெற்கு நோக்கிப் பறந்து, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம் கடலோரத்தில் தங்கும் விருந்தாளிகள் அவை. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் தொடங்கி ஆஸ்திரேலியா வரை செல்லும் பெரிய வான்வழியில், நம் மேற்குக் கடலோரச் சேற்று நிலங்கள் இடைவழிச் சத்திரங்களாகும். இவ்வழியில் பறக்கும் பட்டைவால் மூக்கன் என்னும் பறவையொன்று, 2022-ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாளில், எங்கும் இறங்காமல், உண்ணாமல், பறந்து கடந்தது. அதன் முதுகில் பொருத்திய சிறு கருவியால் இது அறியப்பட்டது. அப்பறவை பிறந்து ஐந்து திங்களே ஆகியிருந்தது! வழியில் ஒரு சத்திரம் மூடப்பட்டாலும் இத்தகைய வழிப்போக்கர் என் செய்வர்? கடலோரத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும்போது அழிவது சேறன்று. எங்கோ பிறந்த பறவையின் உணவுப்பாத்திரம்.

அன்றிரவு சிலாங்கூர் ஆற்றில், கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகேறி மின்மினிகளைக் கண்டோம். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. ஆண் மின்மினி பெண்ணுக்கு அனுப்பும் செய்தி அது. நாம் கைவிளக்கை அடித்தால் அச்செய்தி கலைந்துவிடும். ஆற்றங்கரை மரத்தை வெட்டினாலோ, செய்தி அனுப்புவோரே இல்லாது போவர்.

செல்வோர் அறிய வேண்டுவன

முதலாவது, நேரம். விடியலும் மாலையுமே பறவைகள் இரை தேடும் பொழுது. நண்பகலில் செல்வது வீண். கடற்சேற்றுப் பறவைகளைக் காண விரும்புவோர் கடலேற்றத்தின் நேரத்தையும் கேட்டறிந்து செல்லுதல் நன்று. நீர் ஏற ஏறப் பறவைகள் கரையை நெருங்கி ஒதுங்கும்.

இரண்டாவது, உடை. பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிறங்கள் தகும். கைகால்களை மறைக்கும் உடையும் மூடிய காலணியும் கொசுவையும் அட்டையையும் தடுக்கும். அட்டையைப் பற்றி நம் தோட்ட மக்களுக்கு யாம் பாடம் நடத்த வேண்டுவதில்லை.

மூன்றாவது, அமைதி. நான்காவது, உணவு கொடாமை. மனிதன் கையால் உண்டு பழகிய குரங்கு, பின்னர்க் கேளாமலே பறிக்கும். பறிக்கும் குரங்கை மனிதன் அடிப்பான். ஆக, நாம் இன்று நீட்டும் பிஸ்கட்டு நாளை அதற்கு அடியாக முடியும். ஐந்தாவது, எதனையும் எடுத்து வாராமை. குப்பை எதனையும் விட்டு வாராமை. ஆறாவது, ஒரு சிறு குறிப்பேடு. கண்ட பறவையின் அளவு, நிறம், அலகின் வடிவம், அது செய்த செயல் ஆகியவற்றை எழுதினால், பெயரைப் பின்னர் நூலில் தேடிக்கொள்ளலாம்.

நம் தோட்டமும் ஒரு காப்பகமே

அவ்விரண்டாம் பயணத்தன்று பேருந்து ஏறுமுன், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பையில் லாஸ்திக் ஒன்றைக் கண்டோம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடத்தில் புகழ்ந்தவனும் அவனே! யாம் அவனைக் கடியவில்லை. “திரும்பி வந்தபின் வேண்டுமானால் வந்து கேள், தருகிறோம்” என்று கூறி, அதனை எம் மேசை இழுப்பறையில் வைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அவன் எம் அறைக்கு வந்தான். லாஸ்திக்கைத்தான் கேட்கப் போகிறான் என எண்ணினோம். அவனோ, “சார், சாயங்காலம் நம்ம லயத்துக் கம்பியிலே வரிசையா உட்காருதே சின்னக் குருவி, அதுவும் தூரத்திலேர்ந்து வந்ததா?” என்று கேட்டான். ஆம், அதுவும் வந்ததே. அது தகைவிலான் குருவி. ஆண்டுதோறும் வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி, கடலும் மலையும் கடந்து நம் தோட்டத்துக் கம்பியில் வந்தமர்கிறது. நாம் காசு கட்டிக் காணச் சென்ற விருந்தாளியின் உறவினன், நம் வாசலிலேயே இருந்தான், நாம் கண்டிலோம்.

செம்பனைக் காட்டில் ஆங்காங்கே கம்பத்தின்மீது மரப்பெட்டிகள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவை கூகைக்கென வைத்த கூடுகள். கூகை அலறினால் சாவு வரும் என்று அஞ்சிக் கல்லெறிவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். உண்மையில் தோட்டத்தில் அதன் உணவு ஏறக்குறைய முழுவதும் எலியே. செம்பனைக் குலையைக் கடிக்கும் எலியைப் பிடித்து, கூலி வாங்காமல் இரவுக் காவல் புரியும் தோழன் அது. அதன் மீது எறியும் கல், நம் பிழைப்பின் மீதே விழுகிறது. கானாங்கோழிக்குக் கண்ணி வைப்போரும் ஒன்றை அறிதல் வேண்டும்: 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கண்ணி வைத்தல் குற்றமாகும். கண்ணிக்குப் பெரியது, சிறியது தெரியாது. காட்டுப்பன்றிக்கு வைத்ததில் புலியும் சிக்கும்.

இனி, அத்தாயின் வினாவுக்கு விடை கூறுவோம். அம்மா, காசு கட்டிச் செல்வது குரங்கைக் காண்பதற்காக அன்று, காணக் கற்றுக்கொள்வதற்காக. ஒருமுறை அமைதியாக அமர்ந்து காணக் கற்ற பிள்ளை, திரும்பி வந்து தன் வீட்டுக் கம்பியையும், செம்பனைப் பெட்டியையும், ஓடைக்கரையையும் புதிய கண்ணுடன் காண்பான். நம் முன்னோர் காட்டை வெட்டினர். அது அவர்கள் காலத்தின் கட்டாயம். எஞ்சியதைக் காப்பது நம் பிள்ளைகளின் கடமை. காணாததை எவரும் காக்கமாட்டார்.

வரும் பள்ளி விடுமுறையில் வாய்ப்புள்ள பெற்றோர் பிள்ளைகளுடன் சென்று வருவீராக. வாய்ப்பில்லாதார், நாளை மாலை வேலை முடிந்து திரும்பியதும் லயத்து வாசலில் பிள்ளையுடன் கால்மணி நேரம் பேசாமல் அமர்ந்து, கம்பியை நோக்குவீராக. அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

அந்த லாஸ்திக் இன்றும் எம் இழுப்பறையிலேயே கிடக்கிறது. அம்மாணவன் இதுவரை அதனைக் கேட்டு வரவில்லை.