குழந்தை பால் கக்கினால் பாலில் மா கலந்து கொடுக்கலாமா?

வீடு திரும்பிய கையோடு லயத்தைத் துப்புரவாக்க வேண்டும், தண்ணீருக்கு வழி பார்க்க வேண்டும். இதற்கிடையில் கைக்குழந்தை குடித்த பாலைக் கக்கினால் மனம் பதறும். "பாலில் கொஞ்சம் குரக்கன் மா கரைத்துக் கொடு, வயிற்றில் நிற்கும்" என்று பெரியவர்கள் அக்கறையோடு சொல்வார்கள். அப்படிச் செய்யும் முன் இதை வாசியுங்கள்.

ஏன் கக்குகிறது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள தசை சிறு குழந்தைகளுக்கு இன்னும் பலப்படவில்லை. அதனால் பால் மேலே வருகிறது. குழந்தை சிரித்து விளையாடி, எடையும் கூடினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இது நின்றுவிடும்.

மா கலந்தால் என்ன ஆகும்?

கெட்டியான பால் மேலே வருவது குறையலாம். ஆனால் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அரிசி மா, குரக்கன் மா, சோள மா எதுவும் அந்த வயதுக்கு உரியதல்ல. வயிறு மாவால் நிறைந்தால் குழந்தை பால் குறைவாகக் குடிக்கும், மலச்சிக்கலும் வரலாம். கெட்டிப் பால் வருவதற்காகப் போத்தல் சூப்பியின் துளையைப் பெரிதாக்கினால் புரையேறும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலில் மா கலப்பதிலும் பயனில்லை. தாய்ப்பாலில் உள்ள நொதியம் மாச்சத்தைக் கரைத்து, பாலை மீண்டும் நீர்த்துப்போகச் செய்துவிடும்.

கடைகளில் விற்கும் கெட்டியாக்கும் பொருட்களையும் நீங்களாக வாங்க வேண்டாம். அப்படியான ஒன்றை, குறைமாதக் குழந்தைகளின் குடலுக்கு ஆபத்து என்று, 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை அதிகம் கக்கினால், வைத்தியர் முதலில் பாலின் அளவைச் சரிபார்ப்பார். தேவைப்பட்டால் கெட்டிப்பாலை ஓரிரு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். எது, எவ்வளவு என்பதைக் கிளினிக் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

நிவாரணப் பொதியில் வந்தவை

சாதாரண பால்மாவை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். திரிபோஷாவும் 6 மாதத்துக்கு முன் கூடாது. பாலூட்டும் தாய்க்குக் கிடைத்த திரிபோஷாவைத் தாயே சாப்பிட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பாலூட்டுங்கள்.
• இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள்.
• பாலூட்டிய பின் 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டாம்.
• தூங்கும்போது சமமான இடத்தில் மல்லாக்காகப் படுக்க வையுங்கள்.
• கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளை மடுவத்தில் பார்ப்பவரிடமும் இவற்றைச் சொல்லுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்

• பச்சை நிறமாக அல்லது இரத்தத்துடன் வாந்தி
• ஒவ்வொரு முறையும் தூரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும் வாந்தி
• பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், காய்ச்சல்
• மூச்சுத் திணறல், உதடு நீலமாதல்

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வண்டி லயம் வரை வர முடியாவிட்டால், பிரதான வீதியில் நீங்கள் நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

எடை கூடவில்லை என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். மண்சரிவில் கிளினிக் அட்டை தொலைந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லிப் புதியது கேளுங்கள்.